வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு பயிற்சி: இரண்டு மணி நேரத்தை எப்படித் திட்டமிடலாம்

ரங்கூனில் நம் தமிழ்ச் சபைகளுக்குப் புதியவர்கள் அதிகம் வருவது கிறிஸ்துமஸ் சமயத்தில்தான். அதனால் வரவேற்புக் குழுவுக்கான பயிற்சியை டிசம்பரில் வைத்தால் அது பிந்திப் போன பயிற்சி. மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது, அது ஓயும்போது தடிஞ்யூட் விளக்குத் திருநாள் விடுமுறை வந்துவிடும், பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். ஆகவே நவம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடியுங்கள். சனிக்கிழமை வேண்டாம். தன்லினிலிருந்தும் லைங் தாயாவிலிருந்தும் பஸ் மாறி வருகிறவர்களை ஒரே வாரத்தில் இரண்டு முறை வரச் சொல்வது நியாயமில்லை, பஸ் செலவும் இப்போது சின்னதில்லை. ஆராதனை முடிந்து, எல்லாரும் சாப்பிட்டு, பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தால் இரண்டரைக்கு முடித்துவிடலாம்.

புரொஜெக்டரை நம்பித் திட்டம் போடாதீர்கள். மின்வெட்டு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு வெள்ளைப் பலகை, மார்க்கர், பழைய பாட்டுப் புத்தகம் நான்கு, இரண்டு குடை, இவை போதும். குடை எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

யாரைக் கூப்பிடுவது? வாசலில் நிற்கிற எட்டுப் பேரை மட்டும் கூப்பிட்டால் வேலை பாதிதான் முடியும். கேட்டைத் திறக்கிற அண்ணன், டீ போடுகிற அக்காமார், ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர், இவர்களும் வரட்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர் முதலில் பார்ப்பது பல நேரம் இவர்களைத்தான். முக்கியமாக, கடந்த ஒரு வருடத்துக்குள் சபைக்கு வந்த ஒருவரைக் கூப்பிட்டு, முதல் நாள் வாசலில் அவருக்கு எப்படி இருந்தது என்று பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். போதகர் ஐயா எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அந்தப் பத்து நிமிடம் சொல்லித் தருவது வேறு.

சில வருடங்களுக்கு முன்பு நான் வாசலில் நின்ற ஒரு ஞாயிறு, ஓர் அம்மா தன் மருமகளோடு வந்தார். மருமகள் பர்மியப் பெண். அம்மாவிடம் எந்த ஊர், யார் வீடு, யாருக்கு என்ன உறவு என்று ஐந்து நிமிடம் பேசினேன். மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்ததோடு சரி. ஆராதனை முழுக்க அவர் அந்தப் புத்தகத்தை மூடியபடியே மடியில் வைத்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அம்மா மட்டும் வந்தார். அது இன்றைக்கும் என் மனதில் கிடக்கிறது. இந்தப் பயிற்சியில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு அந்த மடியில் கிடந்த புத்தகம்தான் காரணம்.

அதனால் கூட்டத்தின் பெரும் பகுதியைச் சொற்பொழிவுக்குக் கொடுக்காமல் செய்து பார்ப்பதற்குக் கொடுங்கள். எழுந்து நிஜமான வாசலுக்கே போங்கள். ஒருவர் வருகிறவராக, இருவர் வரவேற்கிறவராக, மற்றவர்கள் பார்க்கிறவராக. முதல் காட்சி, தமிழ் தெரியாத ஒருவர் வருகிறார். பர்மிய வணக்கமான மிங்கலாபா சொல்வது எளிது, அதற்கு அடுத்த வாக்கியம்தான் கஷ்டம். பெரியவர் என்றால் ஊ (ஆண்), டோ (பெண்), இளையவர் என்றால் கோ (ஆண்), மா (பெண்) என்று பெயருக்கு முன்னால் சேர்த்துக் கூப்பிடுவது, புத்தகத்தை வலது கையால் நீட்டி இடது கையால் முழங்கையைத் தொட்டுக் கொடுப்பது, இதெல்லாம் நாம் கடைத்தெருவில் தினமும் செய்வதுதான், கோயில் வாசலில் மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். இரண்டாவது காட்சி, மழையில் நனைந்த குடையோடும் இரண்டு குழந்தைகளோடும் ஒரு தாய் தாமதமாக வருகிறார், உள்ளே ஜெபம் நடக்கிறது. குடையை யார் வாங்குவது, எந்தக் கதவு வழியாக, எந்த வரிசையில் உட்கார வைப்பது? அதற்குத்தான் அந்தக் குடைகள். மூன்றாவது, நல்ல கோட்டு போட்ட ஒருவரும் பழைய லுங்கி கட்டிய ஒருவரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம் பேசுவது இதைப் பற்றித்தான், முதலில் காட்சியை நடித்துவிட்டு அப்புறம் அந்தப் பகுதியை வாசியுங்கள், அப்போதுதான் தைக்கும்.

ஒவ்வொரு காட்சிக்கும் ஐந்தாறு நிமிடம், ஆளை மாற்றி இரண்டு தடவை. முடிந்ததும் வருகிறவராக நடித்தவரிடம் முதலில் கேளுங்கள், உங்களுக்கு எந்த இடத்தில் கூச்சமாக இருந்தது என்று.

புத்தகம் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. 1960களில் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இங்கே தமிழ் படிக்கும் வாய்ப்பு சுருங்கிவிட்டது, அதனால் தமிழ் நன்றாகப் பேசுகிற நம் பிள்ளைகளிலேயே பலருக்கு எழுத்து வாசிக்க வராது. புத்தகத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், முதல் பாட்டின் பக்கத்தைத் திறந்து கொடுத்து, பக்கத்தில் பாடத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். ஆராதனை ஒழுங்கைப் பர்மிய மொழியில் அரைப் பக்கம் எழுதிப் பிரதி எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

இனி, கேட்கக் கூடாதவை. நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர்க்காரங்க, கல்யாணம் ஆச்சா என்று கேட்பது நமக்குப் பாசம், புதிதாக வந்தவருக்கு விசாரணை. சொந்த ஊர்க் கேள்வி சாதிக் கேள்வியாகவும் காதில் விழும், அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இளைஞர்களிடம் வயது, முகவரி, வேலை எதையும் கேட்கவே வேண்டாம். 2024-ல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, அந்தக் கேள்விகள் அன்பாகக் கேட்டாலும் பயத்தைத்தான் கொடுக்கும். வந்தவர்களை போட்டோ எடுத்து வைபர் குழுவில் போடும் பழக்கம் இருந்தால் இந்தக் கூட்டத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். பெயர் மட்டும் கேளுங்கள், போன் நம்பரை அவரே கொடுத்தால் வாங்குங்கள். "வாங்க, பெயர் என்னங்க? முதல் தடவையா வர்றீங்களா? நான் கூட வர்றேன்." இதற்கு மேல் வாசலில் எதுவும் தேவையில்லை.

அவசர காலம் பற்றிப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தின் மையம் மாண்டலே, சகாயிங் பக்கம்தான், ஆனால் நம் கட்டடங்களும் பழையவை. பக்கவாட்டுக் கதவுகளின் பூட்டுச் சாவி யாரிடம், நடக்க முடியாத பெரியவர்களை யார் பிடிப்பது என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். ஏப்ரல் வெயிலில் மயங்கி விழுகிறவருக்குத் தண்ணீரும் விசிறியும் எங்கே இருக்கின்றன என்பதும் இதில் சேரும்.

பலரும் கோட்டை விடுவது ஆராதனை முடிந்த முதல் ஐந்து நிமிடத்தில். நாம் நம் ஆட்களோடு பேசத் தொடங்கிவிடுவோம், புதியவர் தனியாகக் கேட்டைத் தாண்டிவிடுவார். வாசலில் நின்ற இருவரில் ஒருவர், கடைசி ஜெபம் முடிந்ததும் நேராக அவரிடம் போய், டீ மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய், இன்னொருவரை அறிமுகம் செய்யும் வரை வேறு யாரிடமும் பேசக் கூடாது என்று விதியாகவே வையுங்கள்.

கூட்டத்தில் சாப்பாட்டுக்குப் பெரிதாக ஏற்பாடு வேண்டாம், மொகிங்காவும் (மீன் குழம்பு நூடுல்ஸ்) டீயும் இருந்தால் தாராளம்.

கலைவதற்கு முன் பலகையில் அடுத்த நான்கு ஞாயிறுகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர், முடியாமல் போனால் வர ஒரு பெயர், அங்கேயே கேட்டு எழுதுங்கள். பிறகு வைபரில் போடுகிறேன் என்று தள்ளினால் பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். முதல் ஞாயிறுக்கு, பழைய ஆள் ஒருவரும் அன்று முதல் காட்சியில் திணறிய ஒருவரும் சேர்ந்து நிற்கட்டும்.