ஸ்லோ மோஷன் வெட்டி வெட்டி ஓடுகிறதா?

பிரீமியர் ப்ரோ என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வேகத்துக்கான பெட்டி திறக்கும். 100 என்பது இயல்பு வேகம். 50 கொடுத்தால் 4 விநாடிக் கிளிப் 8 விநாடியாகும், 200 கொடுத்தால் 2 விநாடியாகச் சுருங்கும்.

எவ்வளவு குறைக்கலாம் என்பதை முடிவு செய்வது மென்பொருள் அல்ல, நீங்கள் படம்பிடித்த ஃபிரேம் ரேட்தான், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (தனிப்படம்) என்பது. கிளிப்களை வரிசையாக அடுக்கும் டைம்லைனின் ஃபிரேம் ரேட்டைக் கிளிப்பின் ஃபிரேம் ரேட்டால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 60 ஃபிரேமில் எடுத்ததை 24 ஃபிரேம் டைம்லைனில் போட்டால் 40 சதவீதம்வரை வழுவழுவென்று ஓடும். 30 ஃபிரேமில் எடுத்திருந்தால் 80-லேயே கதை முடிந்தது; அதற்குக் கீழே போனால் ஒரே ஃபிரேம் திரும்பத் திரும்ப வந்து படம் திக்கும்.

அப்படியும் குறைத்தே ஆகவேண்டுமென்றால், அதே பெட்டியில் ஆப்டிகல் ஃப்ளோவைத் தேர்ந்தெடுத்து ரெண்டர் செய்துவிட்டு, அதாவது மென்பொருள் காட்சியைக் கணக்கிட்டு முடித்தபின், பாருங்கள். இடையில் இல்லாத ஃபிரேம்களை அதுவே கணித்து உருவாக்கும். பின்னணி வெறுமையாக இருந்தால் நன்றாக வரும். கைவிரல்கள் முகத்தைக் கடக்கும் காட்சியில் விரலோரம் மெழுகுபோல் உருகி நெளியும். அங்கே அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கலந்து காட்டும் ஃபிரேம் பிளெண்டிங் எவ்வளவோ தேவலை, கொஞ்சம் மங்கல்தான்.

வேகத்தைக் கூட்டும்போது, பின்னால் உள்ள கிளிப்களை நகர்த்தி ஒட்டவைக்கும் ரிப்பிள் எடிட்டை டிக் செய்ய மறந்தால் கிளிப்புக்குப் பின்னால் கறுப்பு இடைவெளி விழும். பேச்சு இருந்தால் ஆடியோ பிட்ச் மாறாமலிருக்கும் தேர்வையும் டிக் செய்யுங்கள், இல்லையேல் கீச்சுக்குரல்தான்.