இரவு ட்யூட்டிக்கு நடுவே ரெசிடென்சி புரோகிராம்களுக்கு எழுதுவது எப்படி

அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புத் துறைப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கும் நம் ஊர் மாணவர்கள் அந்நாட்டு மருத்துவ உரிமத் தேர்வுகளான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளுக்கு ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள்; சுய அறிக்கையைப் பத்து முறை திருத்தி எழுதுகிறார்கள். ஆனால் செப்டம்பர் இறுதியில் புரோகிராம்கள் (அந்தப் பயிற்சியைத் தரும் மருத்துவமனைத் துறைகள்) விண்ணப்பங்களைத் திறந்து பார்க்கத் தொடங்கியது முதல், யாருக்கு எந்த இடம் என்று ஒதுக்கும் மார்ச் மாதத்து மேட்ச் வரை அவற்றோடு நடத்த வேண்டிய கடிதப் போக்குவரத்துக்கு யாரும் தயாராவதில்லை. வார்டில் நிற்கும்போது கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் அவசரமாகத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு, பிறகு வருந்துகிறார்கள். அந்த மாதங்களில் புதிதாக யோசித்து எழுத உங்களுக்கு நேரம் இருக்காது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, எழுத வேண்டியவற்றில் பெரும்பகுதியை ஆகஸ்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் ஹவுஸ் சர்ஜனாகப் பிரசவ வார்டில் இரவு ட்யூட்டியில் இருந்தபோது, நள்ளிரவுக்கு இருபது நிமிடம் முன்பு ஒரு புரோகிராமிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்திருந்தது. கைப்பேசி பையில் கிடந்தது. காலை எட்டு மணிக்கு எடுத்துப் பார்த்தபோது எல்லாத் தேதிகளும் நிரம்பிவிட்டிருந்தன. காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொண்டு, புரோகிராமின் அலுவலகப் பணிகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டருக்கு மூன்று வரி எழுதினேன்: ஆர்வம் மாறவில்லை, எந்தத் தேதியானாலும் வர முடியும், ஒரு நாள் முன்பு அறிவித்தாலும் போதும். பதினெட்டு நாள் கழித்து ஒருவர் விலகிய இடம் எனக்குக் கிடைத்தது. அந்த மூன்று வரி முன்பே எழுதி வைத்ததல்ல. அன்று தூக்கக் கலக்கத்தில் அதை எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஆகவே முதல் வேலை, அழைப்பு உங்களை வந்து சேர வழி செய்வது. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் அலுவலக நேரமான காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்பது, அக்டோபரில் நமக்கு மாலை ஆறரை முதல் பின்னிரவு இரண்டரை வரை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை மாற்றியதும் இது இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அதாவது அழைப்புகள் வரும் நேரமும் உங்கள் இரவு ட்யூட்டியும் ஒன்றுதான். விண்ணப்பங்களை அனுப்பும் இணையத் தளமான ஈராஸ் கணக்கில் கொடுத்த மின்னஞ்சல் முகவரியை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்; அதற்கு மட்டும் தனி ஒலி வையுங்கள்; ஸ்பேம் பெட்டியையும் விளம்பரப் பெட்டியையும் நாள்தோறும் ஒரு முறை திறந்து பாருங்கள். அறுவை அரங்குக்குள் போகும் நாள்களில், அந்த முகவரிக்கு வருபவை வீட்டில் இருக்கும் அக்காவுக்கோ நண்பருக்கோ தானாகப் போகும்படி அமைத்துவிட்டால், அவர்கள் அரங்கின் தொலைபேசிக்கு அழைத்துச் சொல்லலாம். ஆனால் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள்; பதிலை நீங்களே எழுதுங்கள்.

அழைப்பு வந்ததும் எந்தத் தேதியைத் தேர்வது என்று தயங்காமல் இருக்க, வரும் மூன்று மாத ட்யூட்டி அட்டவணையைக் கைப்பேசி நாள்காட்டியில் முன்பே ஏற்றி வையுங்கள். நேர்காணல்கள் பெரும்பாலும் காணொளியில் நடப்பதால் பயணச் சிக்கல் இல்லை. இரவு ட்யூட்டிச் சிக்கல்தான் உண்டு. எதைத் தேர்ந்தாலும் புரோகிராமின் உள்ளூர் நேரத்தையும் நம் நேரத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். ட்யூட்டி மாற்றித்தர வேண்டிய சக மருத்துவரிடம் செப்டம்பரிலேயே பேசி வைப்பது நல்லது. அழைப்பு வந்த இரவில் போய்க் கேட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

இனிக் கடிதத்துக்கு வருவோம். புரோகிராமுக்கு நீங்கள் எழுதுவதை முதலில் படிப்பவர் பெரும்பாலும் டைரக்டர் அல்ல, கோஆர்டினேட்டர். பல உள்மருத்துவப் புரோகிராம்களுக்கு ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வருகின்றன; அவற்றுக்கு நடுவே உங்கள் கோப்பைத் தேடி எடுக்க வேண்டியவர் அவர். எனவே கடிதத் தலைப்பிலேயே விண்ணப்பத்தில் உள்ளபடி முழுப் பெயர், ஏ.ஏ.எம்.சி. எண் (ஈராஸில் உங்களுக்குத் தரப்படும் அடையாள எண்), விஷயம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். தமிழர்களுக்கு இங்கே தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து, ஈராஸில் அதுவே கடைசிப் பெயராக நிற்கும். அவர்கள் உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அதைத் திருத்தப் போக வேண்டாம். கையெழுத்திடும்போது ஒரு கடிதத்தில் முன்னெழுத்து, இன்னொன்றில் முழுப் பெயர், மூன்றாவதில் வீட்டுப் பெயர் என்று மாற்றி மாற்றி எழுதினால், தேடுபவருக்கு நீங்கள் மூன்று பேராகத் தெரிவீர்கள்.

நடையைப் பொறுத்தவரை, கல்லூரி அலுவலகத்துக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதிப் பழகிய ஆங்கிலத்தை விட்டுவிட வேண்டும். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடிப்பது நமக்குப் பணிவு. அங்கே படிப்பவருக்கு எங்கோ அச்சடித்த படிவம் போலத் தோன்றும். ‘டியர் டாக்டர்’ என்று தொடங்கிக் கடைசிப் பெயரை எழுதுங்கள். கோஆர்டினேட்டருக்கு மிஸ் அல்லது மிஸ்டர். உறுதியாகத் தெரியாவிட்டால் முழுப் பெயர். நீங்கள் யார் என்று ஒரு வாக்கியம், எதற்காக எழுதுகிறீர்கள் என்று ஒரு வாக்கியம், அவர் செய்ய வேண்டியது இருந்தால் அது ஒரு வாக்கியம், நன்றி. கைப்பேசித் திரையை உருட்டாமலே படித்து முடிக்கும்படி இருந்தால் போதும்.

நேர்காணலுக்கு முன் ஒரு புரோகிராமுக்கு எழுதத் தகுந்த காரணங்கள் மிகச் சிலவே. விண்ணப்பத்தைச் சான்றளித்து அனுப்பிய பிறகு, தொடர்பு விவரங்கள் தவிர மற்றவற்றை நீங்கள் திருத்த முடியாது. ஆகவே யு.எஸ்.எம்.எல்.இ.யின் கடைசித் தேர்வான ஸ்டெப் 3-இல் தேர்ச்சி, ஏற்கப்பட்ட ஆய்வுக் கட்டுரை, வெளிநாட்டில் படித்தவர்களுக்கு வேண்டிய ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் போன்ற மெய்யான புதுச் செய்தி வந்தால் அதை எழுதித் தெரிவிப்பதில் நியாயம் உண்டு. விசா குறித்த கேள்வியும் அப்படியே: ஜே-1 மட்டுமா, ஹெச்-1பி-யும் உண்டா என்பது இணையதளத்தில் தெளிவாக இல்லாவிட்டால் கேட்கலாம், தளத்தில் இருப்பதைக் கேட்டால் நீங்கள் தளத்தைப் பார்க்கவில்லை என்றே பொருள். ‘உங்கள் புரோகிராமில் எனக்கு மிகுந்த ஆர்வம்’ என்று மட்டும் சொல்லும் கடிதத்துக்கு இப்போது பெரிய மதிப்பு இல்லை என்பது என் கருத்து. ஆர்வத்தைத் தெரிவிக்கத்தான் விண்ணப்பத்தோடு சிக்னல் அனுப்பும் முறை வந்திருக்கிறது. அதன் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால்தான் அதற்கு மதிப்பும் இருக்கிறது. நூறு புரோகிராம்களுக்குப் பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை அனுப்புவது கூடவே கூடாது. ஓரிடத்தில் பெயரை மாற்ற மறந்தாலே போதும், அங்கே உங்கள் கதை முடிந்தது.

போக முடியாத நேர்காணலை ரத்துசெய்வதில் பலர் தடுமாறுகிறார்கள். வேண்டாம் என்று முடிவானவுடன், முடிந்தால் இரண்டு வாரம் முன்பாகவே, நேர்காணல் தேதியைப் பதிவுசெய்த தளத்தின் வழியாக விலகிவிட்டு கோஆர்டினேட்டருக்கு நன்றியோடு ஒரு வரி எழுதுங்கள். காரணம் விளக்கத் தேவையில்லை. சொல்லாமல் வராமல் இருப்பது பெரிய தவறு; எனக்குக் கிடைத்த இடம், எவரோ ஒருவர் முறையாக விலகியதால் கிடைத்தது என்பதை நான் மறப்பதில்லை.

நேர்காணல் முடிந்ததும், திரையை அணைத்த அந்த நிமிடமே, யாரோடு என்ன பேசினீர்கள் என்று ஒரு தாளில் இரண்டு வரி குறித்து வையுங்கள். நன்றிக் கடிதம் வேண்டாம் என்று புரோகிராம் சொல்லியிருந்தால் எழுதாதீர்கள். எழுதாமல் இருப்பதே மரியாதை. அப்படி எதுவும் சொல்லாவிட்டால் ஓரிரு நாளில் அனுப்பலாம். அதில் அந்த உரையாடலுக்கு மட்டுமே உரிய ஒன்று இருக்க வேண்டும். ‘காசநோய்க்குப் பிந்தைய நுரையீரல் பாதிப்புள்ள நோயாளிகளைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வி, எங்கள் வார்டில் நான் பார்த்த ஒருவரை மீண்டும் நினைத்துப் பார்க்க வைத்தது’ என்ற ஒரு வாக்கியம், பாராட்டுச் சொற்கள் நிறைந்த ஒரு பக்கத்தைவிட மேலானது.

பிறகு வருவது ரேங்க் லிஸ்ட் காலம்; நீங்களும் புரோகிராம்களும் தத்தம் விருப்ப வரிசையைக் கொடுக்கும் நேரம். மேட்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி.யின் நடத்தை விதிகளின்படி, நீங்கள் வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள் என்றோ, தங்களை எந்த இடத்தில் வைப்பீர்கள் என்றோ புரோகிராம்கள் உங்களைக் கேட்கக் கூடாது. நீங்களாக விரும்பிச் சொல்லத் தடையில்லை. எனவே ‘உங்களையே முதலிடத்தில் வைக்கிறேன்’ என்ற கடிதத்தை ஒரே ஒரு புரோகிராமுக்கு, அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். இரண்டு இடங்களுக்கு அதையே எழுதுவது பொய். இத்துறையில் டைரக்டர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். அங்கிருந்து இனிமையான பதில் வந்தாலும் அதை வாக்குறுதியாக எண்ணி உங்கள் வரிசையை மாற்றாதீர்கள். மேட்சில் இடம் ஒதுக்கும் கணக்கீட்டு முறை விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்குவது. உங்கள் மனதில் இருக்கும் வரிசையை அப்படியே கொடுப்பதுதான் உங்களுக்கு நன்மை.

மேட்ச் வாரத்தின் திங்கட்கிழமை இடம் கிடைக்கவில்லை என்று தெரிய வந்தால், அதுவரை பழகிய முறை தலைகீழாகிவிடும். நிரம்பாத இடங்களுக்கு விண்ணப்பிக்கும், சோப் எனப்படும் அந்த நான்கு நாள்களில் விண்ணப்பம் ஈராஸ் வழியாக மட்டுமே போக வேண்டும். புரோகிராம் உங்களை முதலில் அழைக்கும்வரை நீங்கள் அழைக்கவோ எழுதவோ கூடாது. உங்களுக்காகப் பேராசிரியரோ உறவினரோ பேசுவதும் விதிமீறல்தான். அமெரிக்காவில் இருக்கும் மாமா நல்லெண்ணத்தோடு தொலைபேசியை எடுப்பதற்கு முன்பே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். புரோகிராம்கள் தரும் இடங்கள் வியாழக்கிழமை சுற்றுச் சுற்றாக அறிவிக்கப்படும்; உங்களுக்கு வந்ததை ஏற்க இரண்டு மணி நேரமே அவகாசம். முதல் சுற்று நம் நேரப்படி மாலை ஆறரைக்குத் தொடங்கும். அந்த வாரம் முழுவதும் இரவு ட்யூட்டி இல்லாதபடி ஜனவரியிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். தேவைப்படாவிட்டால் திங்கட்கிழமை இரவே அந்த ட்யூட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.