ஊட்டி மலை ரயிலை மாடலா செஞ்சு மேஜை மேல ஓட விடணுமா?

முதல்ல கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, சரியா இருக்கணும். நிஜத்துல அது மீட்டர் கேஜ் (1 மீட்டர் இடைவெளி), அதனால 1:87 ஸ்கேல்ல, அதாவது நிஜ அளவுல 87ல ஒரு பங்கா செய்யும்போது, 12 மி.மீ. டிராக் தான் வாங்கணும், சாதாரணமா கிடைக்கிற 16.5 மி.மீ. போட்டீங்கன்னா பார்த்ததுமே தப்புன்னு தெரியும். அடுத்து ஏத்தம், அடிவாரத்துல இருக்கிற கல்லார் தாண்டினா கிட்டத்தட்ட 12க்கு 1 வரைக்கும் போகுது, அதாவது 1 மீட்டர் டிராக்குக்கு 8 செ.மீ. உயரம், சாதா மாடல் எஞ்சின் வழுக்கிடும், நடுவுல பல் தண்டவாளமும் பல்சக்கரம் வச்ச எஞ்சினும் வேணும். எஞ்சின் இறக்கத்துப் பக்கம் இருந்து பெட்டிகளை மேல தள்ளணும், இதை மட்டும் மாத்திடாதீங்க.

இப்போ எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை, எஞ்சினுக்கு அழுக்கு ஏத்துறது. தனிக் கறுப்பு அடிக்காதீங்க, கொஞ்சம் சாம்பல் கலந்துக்கோங்க. மேட் வார்னிஷ் (பளபளப்பு இல்லாதது) காஞ்சப்புறம் நிறப் பவுடர் போடுங்க, புகைபோக்கி சுத்தி கரி, பைப் ஜாயின்ட்டுக்குக் கீழ தண்ணி உப்பு காஞ்ச மெல்லிசு வெள்ளைக் கோடு, பிரேக் கட்டை பக்கம் துரு. பிஸ்டன் ராடு மட்டும் பளிச்சுனு இருக்கணும், அங்க பவுடர் படவே கூடாது. பிரஷ்ஷ மேலருந்து கீழ தான் இழுக்கணும், மழைத்தண்ணி அப்படித்தானே வழியும்.

மலைக்கு தெர்மாகோல் மேல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். கல்லார் பக்கம் பாக்குத் தோப்பு வைங்க, தேயிலை குன்னூர் நெருங்கும்போது தான் வரணும்.