சைக்கிளைக் கவிழ்த்து றேடியோ கேட்பது எப்படி

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். போனில் சார்ஜ் இல்லையென்று மகன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான். நான் கொட்டிலுக்குள் கிடந்த பழைய லுமாலா சைக்கிளை உருட்டி வந்து முற்றத்தில் கவிழ்த்தேன். அவனுக்கு அது புதினம். எங்களுக்கோ 1990இலிருந்து வருசக்கணக்காய் அதுதான் மின்சார நிலையம். அப்போது யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் குந்தியிருந்து பிபிசி தமிழோசை கேட்போம்.

செய்துபார்க்க விருப்பமென்றால் இப்படிச் செய்யுங்கோ.

6 வோல்ட், 3 வாட் போத்தல் டைனமோ ஒன்று வேண்டும். அதைப் பின்சக்கரத்துப் பக்கம், தலை ரயரில் உரசும்படி பூட்டவேணும். டைனமோவின் அச்சுக்கு நேரே ஒரு கோடு கீறினால் அது சக்கரத்தின் நடுவுக்குப் போகவேணும். சரிந்து நின்றால் ரயரின் பக்கத்தைத் தின்றுவிடும். டைனமோவிலிருந்து ஒரு வயர்தான் வரும், மற்ற வயர் சைக்கிள் சட்டமேதான். பெயின்ற் அடித்த சைக்கிள் என்றால் டைனமோ பிடிக்கும் இடத்தில் சுரண்டிவிடுங்கோ. “எல்லாம் பூட்டியாச்சு, லைற் எரியேல்லை” என்று வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வருத்தம் இதுதான்.

சிலர் டைனமோ வயரை நேரே றேடியோவுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அது வேலைக்காகாது. டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்ட மின் (ஏசி), றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம் (டிசி). மின்னை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் டயோட் நாலு எடுங்கோ, 1என்4007 என்ற வகை போதும். வெள்ளிக்கோடு உள்ள முனைகள் இரண்டைச் சேர்த்தால் அது பிளஸ். வேறு இரண்டு டயோட்டின் கோடில்லாத முனைகளைச் சேர்த்தால் அது மைனஸ். மிச்சமுள்ள முனைகளில் பிளஸ் பக்கத்து டயோட்டின் ஒன்றையும் மைனஸ் பக்கத்து டயோட்டின் ஒன்றையுமாகச் சோடி சோடியாக இணைத்து, ஒரு சோடியை டைனமோ வயரிலும் மற்றதைச் சட்டத்திலும் கொடுங்கோ. பிளஸ் மைனஸுக்குக் குறுக்கே 25 வோல்ட், 1000 மைக்ரோபரட் கொண்டென்சர் ஒன்று. அது இல்லாவிட்டால் செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் வண்டு இரையும். றேடியோவின் மைனஸ் சட்டத்தில் முட்டக்கூடாது. நாலு பற்றரி போடுகிற றேடியோதான் பொருந்தும்.

முக்கியமான விசயம், லைற் பல்பைக் கழற்றவேண்டாம். பல்பு இல்லாமல் வேகமாய்ச் சுற்றினால் டைனமோ 6 வோல்டில் நிற்காது, பலமடங்கு ஏறும். எங்கள் அண்ணை ஒருக்கால் வீம்புக்குச் சுற்றினார். ஒரு கீச்சுச் சத்தம், பிறகு றேடியோவில் புகை மணம். ஒரு கிழமைக்கு ஐயா அவரோடு கதைக்கவில்லை. பல்பு மஞ்சளாய் மங்கி எரிகிற வேகம் போதும். வெள்ளையாய் எரிந்தால் கையைத் தளர்த்துங்கோ.

கவிழ்க்கும்போது ஹான்டிலுக்கும் சீற்றுக்கும் கீழே சாக்குப் போடுங்கோ, இல்லாவிட்டால் மணி நசுங்கும். சுற்றுகிற ஆளை ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் மாற்றவேணும். எங்கள் வீட்டில் சின்னவன் நான்தான், அதனால் எனக்கு எப்போதும் தலைப்புச் செய்தி நேரம். கை சோர்ந்தால் குரல் கிணற்றுக்குள் இறங்கும். “டேய், சுத்தடா!” என்று அம்மம்மா உள்ளேயிருந்து கத்துவா.

போன் சார்ஜ் செய்யவும் இதே இணைப்புத்தான், ஆனால் நேரே கொடுத்துவிடாதீர்கள். எலெக்ரோனிக் கடையில் 5 வோல்ட் சீராக்கும் சின்னப் பலகை விற்கிறார்கள், அதை இடையில் போடவேணும். அரை மணித்தியாலம் சுற்றி மகன் இரண்டு மூன்று சதவீதம் ஏற்றினான், பிறகு போனை வைத்துவிட்டுப் படுத்துவிட்டான்.

எல்லாம் முடிந்ததும் டைனமோவை ரயரிலிருந்து விலக்கிவிடுங்கோ. அடுத்த நாள் காலையில் நான் மறந்துபோய் அப்படியே சந்தைக்கு மிதித்தேன். போகும்போது முதுகு வியர்த்ததற்கு எதிர்காற்றைத் திட்டினேன். திரும்பி வரும்போது கரியரில் ரியூப் வாரால் கட்டிய வாழைக்குலை, பட்டப்பகலில் முன்லைற் வேறு எரிந்துகொண்டிருந்தது.