பியூட்டி கோர்ஸில் சேரப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்

பெரம்பூரில் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறேன். வேலை கேட்டு வரும் பெண்கள் முதலில் நீட்டுவது லேமினேட் செய்த சான்றிதழைத்தான். அதை ஓரமாக வைத்துவிட்டு நூற்கண்டைக் கையில் கொடுப்பேன். ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரலில் முறுக்கும் விதத்திலேயே எத்தனை புருவம் எடுத்த கை என்று தெரிந்துவிடும். போன மாதம் ஒரு பெண் வந்தாள். ப்ளஸ் டூ முடித்த கையோடு அறுபதாயிரம் கட்டி மூன்று மாதம் படித்தவள். இரண்டு முறை நூல் அறுந்தது. கேட்டால், "ஒரு பேட்ச்ல முப்பது பேருக்கா. மேடம் பண்றதை வீடியோ எடுத்துப்போம்" என்றாள்.

அட்மிஷன் பேசும் ஏசி அறையை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டியதுதான் அவள் செய்த தவறு. வகுப்பு நடக்கும் நேரத்தில் போய் உள்ளே எட்டிப் பாருங்கள். நாற்காலி எத்தனை, மாணவிகள் எத்தனை பேர், நிஜமான தலையில் கத்தரி வைக்கிறார்களா, டம்மியோடு சரியா? மாடல்களை அவர்களே ஏற்பாடு செய்வார்களா, நீங்கள் சித்தியையும் அத்தையையும் கூட்டிவர வேண்டுமா? டம்மிக்கு வியர்க்காது. மே மாதம் சென்னை மண்டபத்தில் லைட்டுக்குக் கீழே நிற்கும் கல்யாணப் பெண்ணுக்கு வியர்க்கும். அப்புறம் இன்னொன்று: ஒரு மாத பிரைடல் கோர்ஸை ஆடியிலோ மார்கழியிலோ போய்ச் சேராதீர்கள். கூடப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ள அப்போது கல்யாணம் ஏது?

'இன்டர்நேஷனல்', 'அரசு அங்கீகாரம்' என்று போர்டில் இருந்தால் எந்த அமைப்பு என்று பெயரைக் கேளுங்கள். சிடெஸ்கோ போன்ற சர்வதேசச் சான்றுக்குத் தனித் தேர்வு உண்டு. அந்தத் தேர்வுக் கட்டணம் ஃபீஸில் அடக்கமா என்று தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியின் பெயர் அந்த அமைப்பின் இணையதளத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐஎஸ்ஓ என்பது நிறுவன நிர்வாகத்துக்கான சான்று. பாடத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பலரும் விசாரிக்காமலே விடுவது ஐடிஐ. ஐடிஐ என்றாலே வீட்டில் ஃபிட்டர், வெல்டர்தான் நினைவுக்கு வருகிறது. காஸ்மெட்டாலஜி, அதாவது அழகுக்கலை, அங்கே ஓராண்டுப் பயிற்சி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். தமிழ்நாட்டின் அரசு ஐடிஐகளில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆறிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வேறு. இந்தப் பிரிவு எந்த ஐடிஐயில் இருக்கிறது என்று அட்மிஷன் தொடங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

தனியார் பள்ளிதான் என்றால், சொல்லும் ஃபீஸில் 18 சதவீத ஜிஎஸ்டி, கிட், யூனிஃபார்ம் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். தவணை என்று சொல்லி நீட்டும் தாள் சில நேரம் கடன் விண்ணப்பமாக இருக்கும். பாதியில் நின்றாலும் கடன் நிற்காது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

'கிளினிக்கல்' என்று பேர் வைத்து, சில மாதங்களில் ஊசியும் லேசரும் கற்றுத் தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடலாம். அது தோல் மருத்துவர்களின் வேலை. காஸ்மெட்டாலஜி என்ற பேரைக் கேட்டுவிட்டு, பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு அப்பாவை எனக்குத் தெரியும்.

நூல் அறுந்த பெண்ணை நான் திருப்பி அனுப்பவில்லை. ட்ரெயினியாக வைத்திருக்கிறேன். கூட்டம் இல்லாத மதியங்களில் மூலையில் உட்கார்ந்து தன் கால் முடியிலேயே நூல் பழகுகிறாள். இந்த வாரம் நூல் அறுபடவில்லை.