எலும்பை நீட்டி உயரம் கூட்டும் சிகிச்சை: யோசிக்கும்போதே செய்துவிடும் தவறுகள்

"எத்தனை சென்டிமீட்டர் கூடும்?" காலெலும்பை நீட்டி உயரமாகும் சிகிச்சையைப் பற்றி விசாரிக்கிற இளைஞர் அநேகமாக முதலில் கேட்பது இதைத்தான். அடுத்தது, "எவ்வளவு செலவாகும்?" இந்த இரண்டு பதில்களை வைத்தே முடிவெடுத்துவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது: எத்தனை மாதம், அந்த மாதங்களில் நான் என்ன நிலையில் இருப்பேன்?

சைபீரியாவில் குர்கன் என்ற ஊரில் மருத்துவர் கவ்ரீல் இலிசாரோவ் 1950-களில் வளர்த்தெடுத்த முறைதான் இன்றைக்கும் அடிப்படை. முறிந்து கூடாமல் கிடந்த எலும்புகளுக்கும், ஒரு கால் குட்டையாகிப்போனவர்களுக்கும் வந்த சிகிச்சை அது, அழகுக்காக வந்ததல்ல. எலும்பை வெட்டி ஒரு வாரம்போல அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு வெட்டிய முனைகளை நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் மெல்ல விலக்க, நடுவில் புது எலும்பு உருவாகும். அந்த ஒரு மில்லிமீட்டரையும் ஒரே தடவையில் இழுப்பதில்லை, வழக்கமாக நான்கு தவணையாகப் பிரிப்பார்கள். வேகம் கூடினால் எலும்பு உருவாகாது. குறைந்தால் நினைத்த நீளம் வருவதற்குள் எலும்பு ஒட்டிவிடும்.

இங்கேதான் கணக்கு தப்புகிறது. ஐந்து சென்டிமீட்டர் என்றால் ஐம்பது நாள், ஒரு லீவுக்குள் முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஐம்பது நாள் என்பது இழுக்கும் காலம் மட்டும். அந்த நேரத்தில் எக்ஸ்ரே எடுத்தால் இடைவெளியில் லேசான புகைமூட்டம்தான் தெரியும். அது உடம்பைத் தாங்குகிற எலும்பாக இறுக இன்னும் மாதங்கள் ஆகும். மொத்தத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம்வரை என்று வைத்துக்கொண்டால் ஓரளவு சரியாக இருக்கும். ஓடுவது, குதிப்பது எல்லாம் அதற்கும் பிறகு. படிப்பையோ வேலையையோ ஒரு வருடம் ஒதுக்கிவைக்க முடியாதவர் இந்தப் பேச்சையே எடுக்காமலிருப்பது நல்லது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இதை எலும்பு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்ப்பது. எலும்பு சொன்னபடி கேட்கும். அதை ஒட்டியிருக்கிற தசையும் தசைநாரும் நரம்பும் அவ்வளவு எளிதில் கேட்காது. தொடை எலும்பை நீட்டினால் முழங்கால் மடங்க மறுக்கும். கீழ்க்கால் எலும்பை நீட்டினால் குதிகால் தசைநார் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பாதம் கீழ்நோக்கித் திரும்பிவிடும். நின்றால் குதிகால் தரையில் படாது, விரல் நுனியில்தான் நிற்க வேண்டியிருக்கும். இதைத் தடுக்க முக்கியமான வழி பிசியோதெரபி. நாள் தவறாமல், மணிக்கணக்கில், வலியோடு செய்ய வேண்டும். நேற்று வளைந்த அளவுக்கு இன்று வளையாது, ஏனென்றால் எலும்பு இதற்குள் இன்னொரு மில்லிமீட்டர் நீண்டிருக்கும். இரவில் தூக்கம் வராமல் படுத்திருப்பதைப் பலரும் சொல்வார்கள். அறுவை சிகிச்சையின் வலிக்குத் தயாராகி வருகிறவர்கள் இந்த நாள்பட்ட இழுவைக்குத் தயாராக வருவதில்லை.

அதோடு ஒட்டியது சென்டிமீட்டர் ஆசை. தொடை எலும்பில் ஒரு தடவைக்கு எட்டு, கீழ்க்காலில் ஐந்து என்ற அளவைத் தாண்டத் தாண்ட சிக்கல்கள் கூடும் என்பது இந்தத் துறையில் பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயம். அந்த அளவும் வாக்குறுதியல்ல, உச்சவரம்பு. பாதத்தில் மரமரப்பு, கட்டைவிரலை மேலே தூக்க முடியாமை, முழங்கால் நாளுக்கு நாள் இறுகுவது இவையெல்லாம் இழுப்பதைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும் என்பதற்கான அறிகுறிகள். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லாமல் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். சொன்னால் நிறுத்திவிடுவார், இன்னும் ஒரு சென்டிமீட்டர் போய்விடுமே என்ற பயம். ஒரு சென்டிமீட்டருக்காக நரம்பைப் பணயம் வைப்பது என்ன கணக்கோ! காலையில் எழுந்ததும் இருக்கிற உயரத்துக்கும் இரவில் இருக்கிற உயரத்துக்குமே எல்லோருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு வித்தியாசம் உண்டு.

கருவியைத் தேர்ந்தெடுப்பதிலும் குழப்பம் இருக்கிறது. வெளியே வளையம் மாட்டி, கம்பிகள் தோலைத் துளைத்து எலும்புக்குப் போகும் பழைய முறை செலவு குறைந்தது. கம்பி நுழையும் இடங்களில் அடிக்கடி சீழ் பிடிக்கும். எலும்புக்குள்ளேயே ராடு வைத்து, வெளியிலிருந்து காந்தக் கருவியால் அதை நீளச்செய்வது புது முறை. அப்படிப்பட்ட 'பிரிசைஸ்' ராடுக்கு அமெரிக்காவில் 2011-ல் அனுமதி கிடைத்தது. வெளியே ஒன்றும் தெரியாது என்பதால் வலியும் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இப்படிப்பட்ட டைட்டேனியம் ராடுகள் பெரும்பாலும் முழு உடல் எடையைத் தாங்காது. எலும்பு இறுகும்வரை வாக்கரோ ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோதான். முழு எடையைத் தாங்கும் என்று துருப்பிடிக்காத எஃகில் 'ஸ்ட்ரைட்' என்று ஒன்று வந்தது. அரிமானமும் சுற்றியுள்ள எலும்பில் மாற்றங்களும் தெரியவந்து 2021-ல் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதிதாக வந்தது என்பதற்காகவே ஒன்றை நம்ப வேண்டாம்.

செலவு குறைவு என்று வேறு நாட்டுக்குப் போய், அறுவை முடிந்த சில வாரங்களில் ஊர் திரும்பிவிடுவது இன்னொரு வழக்கம். மீதி இழுப்பை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். இந்தச் சிகிச்சையில் பிரச்சினைகள் பெரும்பாலும் ஆபரேஷன் மேசையில் தெரிவதில்லை. எலும்பு கோணலாக விலகுவது, சீக்கிரமே கூடிவிடுவது, கூடாமலே நிற்பது, காலில் ரத்தக்கட்டு உண்டாகி நுரையீரலுக்குப் போவது எல்லாம் பிறகுதான். அப்போது வேறொருவர் செய்த வேலையைக் கையில் எடுக்கப் பல எலும்பு மருத்துவர்கள் தயங்குவார்கள். அழகுக்காக இந்த அறுவையைச் செய்வதைச் சீனா 2006-ல் தடை செய்ததற்குக் காரணமே மோசமாகச் செய்து கால்கள் கெட்டுப்போன நிகழ்வுகள்தான்.

வயது பற்றியும் ஒரு வார்த்தை. பதினாறு, பதினேழில் அவசரப்படுகிறவர்களுக்கு எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாமலே இருக்கலாம், அதாவது உயரம் தானாகவே இன்னும் கூடலாம். கையில் ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே தெரிந்துவிடும். மூடிவிட்டதென்றால் எந்தப் பவுடரும் மாத்திரையும் தொங்கல் பயிற்சியும் எலும்பை நீட்டப்போவதில்லை.

மனநல ஆலோசனையைத் தேர்வுபோல நினைத்து, சரியான பதில்களைத் தயார்செய்துகொண்டு போகிறவர்களும் உண்டு. நல்ல மருத்துவர் அந்த ஆலோசனையைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சிலருக்குப் பிரச்சினை உயரத்தில் இருக்காது. தன் உடம்பைக் குறையாகவே பார்க்கிற மனநோயில் இருக்கும். அவர்கள் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்த பிறகும் கண்ணாடியில் குட்டையானவரைத்தான் பார்ப்பார்கள், அல்லது கை இப்போது சிறியதாகத் தெரிகிறதே என்று அடுத்த கவலை பிடித்துக்கொள்ளும். நாளின் பெரும்பகுதி உயரத்தைப் பற்றிய நினைப்பிலேயே போகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது எலும்பு மருத்துவரை அல்ல. வீட்டில் சொல்லாமல் செய்துகொள்ள நினைப்பதும் நடைமுறைக்கு ஒத்துவராது. இரண்டு கால்களிலும் எலும்பு ஒரே நேரத்தில் வெட்டப்பட்டிருக்கும்போது கழிப்பறைக்குப் போகவே ஒரு ஆள் வேண்டும்.

புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டத் தாமதமாகும், ஒட்டாமலும் போகலாம். புகைப்பதை நிறுத்தும்வரை பல மருத்துவர்கள் அவர்களைத் தொடவே மாட்டார்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்வதும் வேண்டாம், புது எலும்பு உருவாவதை அவை தாமதப்படுத்தக்கூடும் என்பதால் பலர் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

கடைசியாக, செலவுக் கணக்கில் அடிக்கடி விட்டுப்போவது ராடை வெளியே எடுப்பது. ஒன்று, ஒன்றரை வருடம் கழித்து அதற்கென்று இன்னொரு அறுவை உண்டு. மருத்துவமனை சொல்லும் தொகையில் அது சேர்த்தியா, மாதக்கணக்கில் ஆகும் பிசியோதெரபி சேர்த்தியா, எலும்பு கூடாவிட்டால் மறு அறுவை யார் செலவில் என்பதையெல்லாம் முன்பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.