மாத்திரையைத் துப்பும் நாய்க்கு ஈரல் உருண்டை

எங்கள் காப்பகத்தில் உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்களுக்கு மருத்துவர் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைதான் எழுதித் தருவார். நாலு வாரம், ஒரு நாள் விடாமல் கொடுக்க வேண்டும். கருப்பன் இருக்கிறானே, அவன் சாதத்தை நக்கித் துடைத்துவிட்டு மாத்திரையை மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பான். வாயைப் பிளந்து போட்டால் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, நாம் திரும்பியதும் கூண்டு மூலையில் துப்பிவிடுவான்.

தயிர்ச்சாதத்தில் பிசைந்து கொடுக்கச் சொன்னார்கள். இந்த மருந்துக்கு அது ஆகாது. பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சரியாகச் சேராது.

கடைசியில் கைகொடுத்தது கோழி ஈரல். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து மசித்து, நெல்லிக்காய் அளவில் மூன்று உருண்டை. முதலாவது வெறும் ஈரல், நம்பிக்கை வருவதற்கு. இரண்டாவதில் மாத்திரை. அதை வாயில் வாங்கும்போதே மூன்றாவதை மூக்குக்கு நேரே காட்ட வேண்டும். அது கைநழுவிப் போய்விடுமோ என்ற அவசரத்தில் மெல்லாமல் விழுங்கிவிடுவான். மருந்து வாடை பட்டால் பயல் கண்டுபிடித்துவிடுவான், அதனால் மாத்திரையைத் தொட்ட கையால் மற்ற உருண்டைகளைத் தொடுவதில்லை.

அப்புறம், உடனே சாப்பாடும் தண்ணீரும் வைத்துவிட வேண்டும். இந்த மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். பக்கத்து நாய் பறித்துவிடாதபடி ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்தித்தான் கொடுக்கிறேன். விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பலகையில் டிக்.